நோரீன் ஆஷ்வர்த்தின் மூன்று பென்னிகள்

நாணயக் கழகத்தின் இணையக் குழுவில் நோரீன் ஆஷ்வர்த் பகிர்ந்த நாணயப் படங்களின் கீழே லியோனல் டக்வர்த் ஒரே சொல்லைத்தான் எழுதினார்: "கீறல்."

பழைய பென்னிகளைச் சேர்ப்பவர்களிடையே இதைவிடக் கேவலமான சொல் கிடையாது. நாணயத்தை அடிக்கும் எஃகு அச்சு ஓயாத அடியால் வெடிப்பு விடும்போது, அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து, நாணயத்தின் மேல் மெல்லிய கோடாகப் புடைத்து நிற்கும். அது விரிசல். நாணயச் சாலையிலேயே பிறந்தது. கீறல் என்பது பிற்காலத்தில் யாரோ கத்தியாலோ ஊசியாலோ இழுத்து உண்டாக்கிய பள்ளம். அது யாருடைய வீட்டுச் சமையலறையிலும் பிறக்கலாம். டக்வர்த் யாருடைய சமையலறையைச் சொல்கிறார் என்பதில் குழுவில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஏனெனில் அவருக்கு அடுத்தபடியாகச் சிட்னி பிர்ட்விசில், "பேனாக்கத்தி நல்ல கூர்மை போல, நோரீன் கண்ணு" என்று எழுதினார். அதன் கீழே சிரித்த முகங்கள் வரிசையாக வந்து குவிந்தன.

அங்காடியின் வாகன நிறுத்தத்தில், காரை விட்டு இறங்காமல், நோரீன் இதைப் படித்தார். படித்து முடித்தபின் வாங்க வந்தது எதையும் வாங்காமல் வீடு திரும்பினார்.

நோரீன் 1957-இல், இங்கிலாந்தில் லங்காஷயரின் ஹோல்டன்ஷாவில், பேருந்து நடத்துநர் ஹாரல்ட் கிரீன்வுட்டின் இரண்டாவது மகளாகப் பிறந்தார். ஞானஸ்நானப் பதிவில் அவர் பெயர் நோரா என்று காணப்படுகிறது. அவர் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பழைய பென்னி 1971-இல் செல்லாமல் போகும்வரை, விக்டோரியா அரசியின் தலை பதித்த காசுகள் தேய்ந்து வழவழத்துப் பேருந்துகளில் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. தந்தை தோல்பையை மேசையில் கவிழ்க்கும்போது, மகள் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு தன்னிடமுள்ள வேறொன்றை வைத்துவிடலாம் என்பது வீட்டு வழக்கம். இது பல ஆண்டுகள் நடந்ததாக நோரீன் கூறுகிறார். ஒரே ஒரு குளிர்காலம் நடந்ததாக அவருடைய அக்கா கேத்லீன் கூறுகிறார். இருவர் சொல்லையும் இங்கே குறித்து வைப்பதே முறை.

பள்ளிப் படிப்புக்குப்பின் துணிக்கடை ஒன்றில் சில காலம் நின்ற நோரீன், பிறகு ஓய்வு பெறும்வரை கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எதிரே வரும் லாரியைக் கவனியாமல் சுற்றுச்சந்திக்குள் நுழையப் பார்த்த எத்தனையோ பேரின் அருகில் அமர்ந்து, ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாதவர் என்று ஊரில் பெயர். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். மணமான முதல் வாரத்திலேயே அவருடைய கணவர் வில்ஃப் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஹோல்டன்ஷா நாணயக் கழகத்தில் மற்றவர்கள் கிடைத்தற்கரிய ஆண்டுகளைத் தேடினார்கள். நோரீன் தேடியது அச்சின் சிறு குறைகளை: எழுத்தின் நடுவே அடைத்துப்போன வளையம், எண்ணின் ஓரத்தில் உதிர்ந்த பொட்டு, காசின் பின்புறம் கடலோரம் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா என்ற பெண்ணுருவின் கேடயத்தில் ஓடும் மயிரிழை. இவற்றுக்குச் சந்தையில் மதிப்பு எதுவும் இல்லை. வியாபாரிகள் கழித்துப் போட்ட டப்பாக்களில்தான் அவை கிடக்கும். அந்த டப்பாக்களில் ஒன்றிலிருந்துதான் 1873-ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றை அவர் எடுத்தார். அதில் பிரிட்டானியாவின் பின்னால் உள்ள கலங்கரை விளக்கத்தின் அடியிலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டுக் கடலின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. சில ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் இரண்டாவது கிடைத்தது. அதில் அதே விரிசல் பாதிக் கடலைத் தாண்டியிருந்தது. மூன்றாவதில் அது விளிம்பைத் தொட்டு இரண்டாகக் கிளைத்திருந்தது. மூன்றிலும் ஆண்டைக் குறிக்கும் ஏழின் அருகே ஒரே புள்ளி, ஒரே இடத்தில். ஆகவே மூன்றும் ஒரே அச்சில் பிறந்தவை. ஓர் அச்சு சாகும் விதத்தை மூன்று காசுகள் வரிசையாகக் காட்டின. கழகத்தில் அதுவரை யாரும் இப்படி ஒரு வரிசையைச் சேர்த்ததில்லை.

அக்டோபரில் நகர நூலகத்தில் நடக்கும் கழகக் கண்காட்சியில், நடுமேசையில் அந்த மூன்றும் வைக்கப்படுவதாக முடிவாகியிருந்தது. அதற்கு முன் அவற்றின் படங்களைக் கழகத்தின் இணையக் குழுவில் பகிர வேண்டும். குழுவைப் பார்த்துக்கொண்டவர் டக்வர்த். ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர். படம் எடுப்பதற்கென்றே வீட்டில் ஓர் அறையை ஒதுக்கியவர். குழுவில் அவர் வகுத்த விதி ஒன்று உண்டு. படத்தில் நாணயம் நிமிர்ந்து நிற்க வேண்டும். பிரிட்டானியாவின் தலை மேலே, ஆண்டு கீழே. சாய்ந்த படத்தை அவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

நோரீன் விதிக்குக் கட்டுப்படுபவர். அவருடைய சமையலறையில் ஒரே ஒரு சன்னல். காசை நேராக வைத்தால் கைப்பேசியின் நிழல் ஆண்டின் மேல் விழுந்தது. ஆகவே ஆண்டு சன்னலை நோக்கும்படி காசைத் தலைகீழாக வைத்துப் படம் எடுத்தார். பின்னர் கைப்பேசியிலேயே படத்தைத் திருப்பி நிமிர்த்தி, மூன்றையும் பகிர்ந்தார். பகிர்ந்த அன்றைக்கே வந்தது அந்தச் சொல்.

மாலையில் டக்வர்த்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

"லியோனல், காசை உன் வீட்டுக்கே எடுத்துட்டு வரேன். கையில வெச்சுப் பாரு."

"எதுக்கும்மா அலையற? படத்துலயே பளிச்சுன்னு தெரியுதே. குழி. குழின்னா கீறல்."

"குழி இல்ல. மேடு."

"நோரீன், கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து நான் காசு பார்க்கறவன். மேடு எது, பள்ளம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஊர்ல இருக்கற காசையெல்லாம் பார்த்திருக்க. இந்தக் காசைப் பார்க்கலையே."

அடுத்து வந்த டக்வர்த்தின் குரலில் கனிவு இருந்தது. அந்தக் கனிவுதான் நோரீனை அதிகம் சுட்டது. "இதோ பாரும்மா, நீதான் கீறினேன்னு நான் சொல்லல. எவனோ உன் தலையில கட்டிட்டான்னு வெச்சுக்குவோம். நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

"மூணு ஊர்ல மூணு பேர் ஒரே இடத்துல, ஒண்ணைவிட ஒண்ணு நீளமாக் கீறி, வரிசையா எனக்குன்னு விட்டு வெச்சாங்களா?"

"அதையேதாம்மா நானும் கேட்கறேன்."

நோரீன் இணைப்பைத் துண்டித்தார். மறுநாள் காலையில் குழு அவருக்குத் திறக்கவில்லை. "நிலைமை ஆறும்வரை" என்று டக்வர்த் தனியே ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நூலகத்தின் நடுமேசைக்கு ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பென்னிகள் போகும் என்றும் அதில் இருந்தது. அவை டக்வர்த்தின் சொந்தப் பென்னிகள்.

ஹோல்டன்ஷா சிறிய ஊர். வார இறுதிக்குள் இறைச்சி பொதிந்த அப்பம் விற்கும் கடையில் பிர்ட்விசிலின் மனைவி வரிசையில் நின்றபடியே கேட்டார்: "என்ன நோரீன், காசுல ஓவியம் வரையறியாமே?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி நோரீனிடம் கார் ஓட்டக் கற்றவள்; மூன்றாம் தேர்விலும் தோற்று அழுதவளை வீடுவரை கொண்டுபோய் விட்டவர் நோரீன். அவளும் சிரித்தாள். நோரீன் இரண்டு அப்பம் வாங்கினார், நன்றி சொன்னார், வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து அவற்றைக் குப்பையில் போட்டார்.

"சாப்பாட்டு மேல என்ன கோபம்?" என்றார் வில்ஃப்.

"அந்தக் கடையில நின்னு வாங்கினது."

"கடைக்காரன் என்ன பண்ணினான்?"

"அவனும்தான் சிரிச்சான்."

அன்று இரவு உணவுக்கு டோஸ்டின் மேல் பீன்ஸ்தான். நோரீன் எதையும் தொடாமல், கைப்பேசியில் மூன்றாவது காசின் படத்தைத் திறந்து தன் முன்னால் மேசையில் கிடத்தியிருந்தார். பார்க்கப் பார்க்க அது அவருடைய கண்ணுக்கும் பள்ளமாகவே தெரிந்தது. அவருக்கு உறக்கம் போனது அதனால்தான். காசைக் கையில் எடுத்தால் மேடு. படத்தில் பள்ளம். தான் எடுத்த படமே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

எதிர் இருக்கையில் இருந்த வில்ஃப் முள்கரண்டியால் படத்தைச் சுட்டினார். அவருக்கு நாணயங்களில் அக்கறை கிடையாது.

"இது என்ன, நரம்பு மாதிரி புடைச்சுக்கிட்டு ஓடுது?"

"எது?"

"இந்தக் கோடுதான். என் புறங்கையைப் பாரு, அச்சு அசலா இதே மாதிரி."

"புடைச்சா இருக்கு?"

"பின்ன? நான் என்ன குருடனா?"

நோரீன் கைப்பேசியை எடுத்து அவர் பார்த்த பக்கமாகத் திருப்பினார். தலைகீழாகிவிட்ட படத்தில் கோடு எழுந்து நின்றது. மறுபடி நிமிர்த்தினார், அமிழ்ந்தது. மறுபடி திருப்பினார்; எழுந்தது. காசைத் தலைகீழாக வைத்து எடுத்ததால் சன்னல் வெளிச்சம் ஆண்டின் பக்கமிருந்து வந்தது. படத்தை நிமிர்த்தியபோது அந்த வெளிச்சம் கீழிருந்து மேலே அடிப்பதாயிற்று. வெளிச்சம் மேலிருந்து விழும் என்றே கண் நம்புகிறது. அந்த நம்பிக்கையில் மேட்டின் நிழலைப் பள்ளத்தின் நிழலாக எண்ணிக்கொள்கிறது.

"அப்ப அந்த லியோனல் சொன்னதுலயும் ஒரு வகையில…" என்று தொடங்கினார் வில்ஃப்.

"அதை முடிக்காத, வில்ஃப்."

வில்ஃப் முடிக்கவில்லை. நோரீன் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியில் தண்ணீரை ஓடவிட்டு நின்றார். தன் மேலேயே வந்த கோபம் அது. தந்தையின் மேசையில் பென்னி பார்த்துத் தொடங்கியவர், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். பிறர் அதைச் சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார்; வெட்கப்பட்டிருப்பார்; வேறு படம் எடுத்திருப்பார்.

குழாயை மூடியபோது அந்தக் கோபம் இடம் மாறியிருந்தது. அதே படத்தில் பிரிட்டானியாவின் மேலும் வெளிச்சம் கீழிருந்துதானே விழுந்தது. கேடயத்தின் மேலும், கலங்கரை விளக்கத்தின் மேலும், பாய்மரக் கப்பலின் மேலும் அப்படியே. அவை எவருக்கும் பள்ளமாகத் தெரியவில்லை. பிரிட்டானியாவை எல்லோருக்கும் தெரியும். அவள் புடைத்துத்தான் இருப்பாள் என்று அறிந்த கண் அவளைப் புடைப்பாகவே பார்த்துக்கொண்டது. எவருக்கும் தெரியாத அந்த ஒற்றைக் கோட்டின் விஷயத்தில் மட்டும் கண் தடுமாறியது. தடுமாறியதில் குற்றமில்லை. தடுமாறிய கண்ணை வைத்துக்கொண்டு, காசைக் கொண்டு வருகிறேன் என்றவரை வேண்டாம் என்று நிறுத்தியதுதான் குற்றம். இத்தனை காலம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்த பெண், உட்கார்ந்து மூன்று காசுகளைக் கீறியிருப்பாள் என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

கழகம் மாதத்தின் முதல் செவ்வாயன்று மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் மாடியறையில் கூடும். நோரீன் உள்ளே நுழைந்தபோது தேநீர்ப் பாத்திரம் இரைந்துகொண்டிருந்தது. அவர் மேலங்கியைக் கழற்றவில்லை. நேராக டக்வர்த்தின் மேசைக்குப் போய், பச்சைக் கம்பளித் துணியின் மேல் மூன்று காசுகளையும் வரிசையாக வைத்தார்.

"மிஸ்டர் டக்வர்த்," என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "பாருங்க."

கழகத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அவர் சொன்ன விதத்தில் டக்வர்த்தின் காது மடல்கள் சிவந்தன.

"ஏம்மா நோரீன், முதல்ல உட்காரு. ஒரு வாய் டீ…"

"டீ குடிக்க வரல. முதல்ல என் பங்கைச் சொல்லிடறேன். படத்துல வெளிச்சம் கீழேர்ந்து வருது. காசைத் தலைகீழா வெச்சு எடுத்துட்டு, அப்புறம் நிமிர்த்தினேன். அதனால மேடு பள்ளமாத் தெரியுது. அது என் தப்பு. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு கேட்டுச்சு," என்றார் பிர்ட்விசில், காதுக் கருவியைத் திருகியபடி.

"இப்ப நீங்க காசைப் பாருங்க, மிஸ்டர் டக்வர்த்."

டக்வர்த் மூன்றாவது காசை ஓரம் பிடித்து எடுத்து, மேசை விளக்கின் கீழே மெல்லச் சுற்றினார். கோட்டின் நிழல் காசோடு சுற்றாமல், எப்போதும் விளக்குக்கு மறுபக்கமே விழுந்துகொண்டிருந்தது. பள்ளமாக இருந்தால் நிழல் விளக்குப் பக்கச் சுவரில் ஒதுங்கும். இது அந்த அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்த சங்கதி. டக்வர்த் இரண்டாவதை எடுத்தார். முதலாவதையும் எடுத்தார். வேண்டியதைவிட நெடுநேரம் பார்த்தார்.

"ம்," என்றார்.

"ம்-னா?"

"மேடுதான்."

"என்ன சொல்றாரு? எனக்குக் கேட்கல," என்றார் பிர்ட்விசில்.

"மேடுதான், சிட்னி. விரிசல்தான்."

"அட," என்ற பிர்ட்விசில் நோரீனிடம் திரும்பி, "அப்ப பேனாக்கத்தியைத் திருப்பி எடுத்துக்கறேன் கண்ணு, மன்னிச்சுக்கோ" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். நோரீன் அவரை ஒரு கணம் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

டக்வர்த் கைப்பேசியை எடுத்தார். "இப்பவே குழுவுல போட்டுடறேன். 'படக் கோளாறு சரிசெய்யப்பட்டது. மூன்று காசுகளும் ஏற்கப்பட்டன.' நடுமேசையும் உனக்குத்தான். சரியா?"

"படக் கோளாறு என்னோடது. அதை நான் சொல்லியாச்சு. உங்களோடதை எழுதுங்க."

"என்னோடது என்னம்மா? படத்துல தெரிஞ்சதைச் சொன்னேன். யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க."

"காசைக் கொண்டு வரேன்னு சொன்னேன். வேண்டாம்னீங்க. அதை எழுதுங்க."

"எல்லார் முன்னாலயுமா?"

"கீறல்னு எல்லார் முன்னாலயும்தானே எழுதினீங்க."

ஒருவர் தேநீர் ஆறுவதாகச் சொன்னார். கூட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று இன்னொருவர் நினைவூட்டினார். போகட்டும் விடு என்று மூன்றாமவர். நோரீன் டக்வர்த்தின் தோளருகே நின்று, அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுவதைப் பார்த்தார். "நோரீன் ஆஷ்வர்த்தின் காசுகளில் இருப்பது விரிசல்" என்று தட்டிவிட்டு டக்வர்த் நிமிர்ந்தார்.

"மேல எழுதுங்க. 'காசைக் கொண்டு வருவதாக அவர் சொன்னார்.'"

தட்டினார்.

"'நான் பார்க்க மறுத்தேன்.'"

"'பார்க்க வாய்ப்பில்லாமல் போனது'ன்னு போட்டா…"

"மறுத்தேன்."

டக்வர்த்தின் கழுத்து சட்டைக் கழுத்துப்பட்டை வரை சிவந்திருந்தது. தட்டினார்.

"'பார்க்காமலேயே அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்தேன்.'"

"நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே."

"நினைச்சீங்களா இல்லையா?"

டக்வர்த் அவரைப் பார்க்காமல் அதையும் தட்டினார். செய்தி குழுவுக்குப் போனது. சுற்றி இருந்த பைகளிலும் சட்டைப் பைகளிலும் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின.

"இப்பத் திருப்தியா?" என்று கேட்டார் டக்வர்த்.

"இல்ல."

"இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம். திருப்தி இல்ல, அவ்வளவுதான்."

டக்வர்த் கையை நீட்டினார். நோரீன் அந்தக் கையை விட்டுவிட்டு, துணியின் மேல் கிடந்த காசுகளை ஒவ்வொன்றாக ஓரம் பிடித்து எடுத்து உறைகளில் இட்டார். கண்காட்சிக்கு அவற்றைத் தானே கொண்டுவந்து தானே வைப்பதாகச் சொன்னார். அக்டோபரில் அப்படியே செய்தார் என்பதும், அந்த மூன்று பென்னிகளும் அந்த வாரம் முழுவதும் நடுமேசையில் இருந்தன என்பதும் கழகக் குறிப்பில் உள்ளன. அந்த ஆண்டோடு அவர் கழகத்திலிருந்து விலகினார். ஏன் என்று குறிப்பில் இல்லை.

அந்தச் செவ்வாயன்று வில்ஃப் கீழே காரில் சிப்ஸ் பொட்டலத்தோடு காத்திருந்தார். நோரீன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்து, சாவியைத் திருகாமல் இருந்தார்.

"ஒத்துக்கிட்டானா?"

"எழுதினான். எல்லாத்தையும்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நான் சொல்லச் சொல்ல எழுதினான், வில்ஃப். விரிசல்ங்கறதைத் தவிர ஒரு வரிகூட அவனா எழுதல."

வில்ஃப் வினிகர் மணக்கும் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார். நோரீன் தலையசைத்து மறுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.